கொடியில் தொங்கிய பேப்பர்

பன்றிக் காய்ச்சல் பரவிய வருடம், கிண்ணியாப் பக்கத்து எங்கள் வாசிகசாலை உம்மாவின் பொறுப்பில் இருந்தது. அப்போது அவர் வயிற்றில் ஒரு பிள்ளை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். எட்டு வயதான எனக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள். உம்மா பிரதேச சபையிடம் லீவு கேட்டார். கொடுக்கவில்லை.

அதனால் தன்பாட்டில் ஆயத்தம் செய்தார். திரும்பி வந்த புத்தகங்களைத் தனி மேசையில் சில நாள் கிடக்கவிட்டார். கதிரைகளை அலுமாரிக்குப் பின்னால் அடுக்கினார். வெளியே கொடி கட்டி, பத்திரிகைத் தாள்களை உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் வாசிக்கலாம், ஒருவரும் தொடத் தேவையில்லை. நல்ல யோசனை. ஊர் ஆண்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

வாப்பாவின் அண்ணன், அவர் காக்கா என்று கூப்பிடும் என் பெரியவாப்பா, எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார்.

"என்ன புள்ள, பேப்பரையும் கழுவிக் காயப்போட்டிருக்கா?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கை படக்கூடாது மச்சான். நின்டு வாசிங்க," என்றார் உம்மா.

"நின்டு வாசிக்க இதென்ன பஸ் ஸ்டாண்டா?"

கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாளை எடுத்தார். உள்ளே போய்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விரலை நாக்கில் வைத்தார். இருமினார். உம்மா வாசலைத் தாண்டவில்லை.

"அதை வெச்சிட்டு வெளிய வாங்க. இல்லாட்டி பூட்டிருவன்."

"பூட்டிப் பாரன். உன்ட வாப்பா கட்டின வாசிகசாலையா இது?"

உம்மா சாவியை எடுத்தார். பூட்டவில்லை.

அன்றே சபைக்கு முறைப்பாடு போனது. மறுநாள் கொடியை அறுத்தார்கள். கதிரைகள் பழைய இடத்துக்கு வந்தன. காக்காவை எதிர்த்துக் கதைக்க வாப்பாவுக்கு ஏலாது. எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அத்தனை இருமலுக்கும் நடுவே உம்மா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தார்.

பிறகு அவருக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

பெரியவாப்பா இளநீர்க் குலையோடு பார்க்க வந்தார். குசினி வாசலில் வைத்து அவரிடமே கேட்டேன்.

"காய்ச்சல் விட்டுட்டுதானே பெரியவாப்பா, பிறகேன் உம்மா அழுறா?"

அவர் குலையை வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

நான் போய் உம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. உம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.