நுழைந்த வழியையே கழற்றினேன்

கற்பிட்டி வீதியில் பையோடு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஊரில் பாதி வீடுகளுக்கு இணையம் இல்லை. நிறுத்தியவன் நான்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உப்பளம், இறால் பண்ணை என்று அலைந்து, வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் சின்னக் கடையொன்றில் கேபிள் இழுத்தேன். அங்கே எல்லா வீடுகளுக்கும் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் சேவர் கணினியில் புதிதாக ஒரு அதிவேக நெட்வேர்க் கார்ட் பூட்டினார்கள். அதன் டிரைவர் மென்பொருளை மாற்றினால், தரவுப் பொதிகள் இயங்குதளத்தில் சுற்றாமல் நேரே பாயும். ராத்திரிகளில் வாசித்துப் பழகியிருந்தேன். கேட்டு வாங்கிய வேலை அது. லப்டொப்பால் சேவருக்குள் நுழைந்து கட்டளை கொடுத்தேன். திரை உறைந்தது. கார்டின் இலக்கத்தை மாற்றிக் கொடுத்து, புதிய கார்டுக்குப் பதிலாக நான் நுழைந்திருந்த பழைய கார்டையே கழற்றிவிட்டேன். வீடுகளின் இணையமும் அதில்தான் ஓடியது.

கடைக்காரர் றிஸ்வி நானா மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார்.

“எங்க ஓடுற? நெட் வராட்டி அஸர் தொழுகைக்கு முந்தி ஆக்களெல்லாம் வேற கொம்பனிக்குப் போயிருவாங்க.”

“நான்தான், நானா, பிழை விட்டது.”

“ஓம், அதான் நான் வந்த. என்ன செஞ்ச எண்டு ஒனக்கு மட்டுந்தானே தெரியும்? ஏறு!”

கடைக்குத் திரும்பி, சேவரிலேயே ஒரு திரையையும் விசைப்பலகையையும் பூட்டிப் பழைய கார்டை மீட்டேன். பிறகு, கார்டின் இலக்கத்தை இரண்டு தரம் வாசித்துப் புதிய கார்டின் டிரைவரை மாற்றி, வீடுகளின் கேபிளை அதில் செருகினேன். பொதிகளின் எண்ணிக்கை வாசிக்கவே முடியாத வேகத்தில் ஏறியது! நான் கத்தியே விட்டேன்.

“மெதுவா டா, பள்ளிவாசலுக்குக் கேக்கும்,” என்றார் நானா, தானும் கத்திவிட்டு.

பிழை விட்ட இடத்துக்கு அதற்கு முன் நான் திரும்பிப் போனதே இல்லை. மறுநாள் காலை, நானா தந்த சேவர் அறை வேலையை ஏற்றுக்கொண்டேன்.