கண்ணுக்குள்ள லென்சு, நெத்தியில நாமம்

புரை எடுத்தப்போ என் கண்ணுல வச்சது சாதா லென்சு இல்ல. என் கருவிழி உருண்டையா இல்லாம ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குதாம். அதையும் சேர்த்துச் சரி பண்ற லென்சு. வைக்கிறதுக்கு முன்னாடி டாக்டரம்மா என்னை நேரா உக்கார வச்சி, வெள்ளை விழியில மையால புள்ளி வச்சாங்க. படுத்தா கண்ணு கொஞ்சம் புரளுமாம். புள்ளிக்கு நேரா லென்சு உக்காரணும், அப்புறம் சுத்தக் கூடாது. சுத்திட்டா மறுபடியும் கண்ணைத் திறந்து திருப்பி வைக்கணும்.

எங்க வீட்டுக்காரர் தறிக்காரர். கட்டாத எதுவும் நிக்காதுன்னு நம்புற ஆளு. "உள்ள எதுல கட்டியிருக்கீங்கம்மா?"ன்னு கேட்டார். கட்டு கிடையாது, கண்ணுக்குள்ள இருக்கிற பை சுருங்கித் தானா பிடிச்சுக்கும், ஆரம்பத்துலதான் ஜாக்கிரதையா இருக்கணும்னாங்க. அவருக்கு மனசு ஆறல. நான் தும்மினாக்கூட எட்டிப் பார்த்தார். பெருமாள் கோயில்ல என் தலையில சடாரி வைக்க வந்த பட்டர்கிட்ட, "மெதுவா வைங்க சாமி, உள்ள கட்டாம விட்டிருக்காங்க"ன்னு சொல்லி என் மானத்தை வாங்கினார். நானும் தலையில குடம் இருக்கிறவ மாதிரிதான் பிராகாரம் சுத்தினேன்.

ஒருநாள் காலையில குளிச்சி, நாமம் போட்டுக்கினு வந்து எதிர்ல நின்னார். நாமம் இடது பக்கமா சாஞ்சிருந்துச்சு. இன்னும் புரை எடுக்காத பழைய கண்ணால பார்த்தா எல்லாமே பஞ்சு. புதுக் கண்ணால பார்த்தா சாஞ்சேதான் இருந்துச்சு. லென்சு சுத்திடுச்சுன்னேன். உடனே ஆட்டோ கூப்பிட்டார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, காக்க வச்சி, வெளிச்சம் அடிச்சிப் பார்த்தாங்க.

"வச்ச இடத்துலயே இருக்குதும்மா. சுத்தியிருந்தா மங்கலாத் தெரியும். உங்களுக்கு எது சாஞ்சி தெரியுது?"

எங்க வீட்டுக்காரர் நெத்தியைக் காட்டினேன். டாக்டரம்மா பார்த்தாங்க. நர்சம்மாவும் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கினாங்க.

திரும்பி வர்றப்போ ஆட்டோவுல மெதுவாக் கேட்டார்: "கல்யாணத்துலேருந்தே சாஞ்சிதானா இருக்குது?"

"எனக்கென்ன தெரியும், இப்பத்தானே பார்க்கிறேன்"னேன். சேலைக் கரையில ஒரு இழை விலகினா அறுத்துக் கட்டுற மனுசர், ஆட்டோ கண்ணாடியில தன் நெத்தியைப் பார்த்துக்கினே வந்தார்.

மறுநாள் காலையில நாமம் போடுற திருமண்ணும் சிவப்புச் சீசூரணமும் எடுத்துக்கினு வந்து என் எதிர்ல உக்காந்தார். "நேரா உக்காருங்க, படுத்தா புரளும்"னு சொல்லி, முதல்ல ஒரு புள்ளி வச்சேன்.