அவர் எண்ணில் என் கண்

மலேசியாவில், கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை நடந்தது. கண்ணைப் படம் பிடித்தால், செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்து மூளையின் இரத்தக் குழாய்களில் கோளாறு இருக்குமா என்று சொல்லுமாம். பெயரைப் பதிந்த என் கணவர், எண்ணைக் கூப்பிட்டதும் நழுவினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல லா. நம்பர் வீணாப் போகுது, நீயே உக்காரு."

நானும் உட்கார்ந்தேன்.

ஒரு வாரத்தில் அவர் கைப்பேசிக்கு முடிவு வந்தது: கோளாறு இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார். சிகரெட்டைக் குப்பையில் போட்டார். இனிப்பான தே தாரிக் தேநீரைத் தொடவில்லை. தம்பிக்குப் போன் செய்து, "நான் இல்லாட்டி அண்ணியப் பாத்துக்கடா" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏங்க, அது உங்க கண்ணே இல்ல லா! அன்னைக்கு உக்காந்தது நானு!"

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியென்றால் கோளாறு எனக்கு!

மறுநாளே ஈப்போ மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொன்னோம். தாதி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எடுத்த ஸ்கேனில், மூளையின் சிறு குழாய்கள் பாதிக்கப்படத் தொடங்கியிருந்தது தெரிந்தது. எனக்கே தெரியாமல் இருந்த இரத்த அழுத்தம்தான் காரணம். நல்லவேளை, மாத்திரையோடு போயிற்று.

இப்போதெல்லாம் எந்த வரிசையிலும் என் ஐ.சி. அடையாள அட்டையை நீட்டி, என் பெயரைச் சொன்ன பிறகுதான் உட்காருகிறேன்.

அவர் கண்ணையும் படம் எடுத்தார்கள். ஒரு கோளாறும் இல்லை.

"அப்ப நான் சிகரெட் பிடிக்கலாம்தானே?" என்றார்.

"வேணாம். அதையும் உங்க நம்பர்ல நானே பிடிச்சுக்கிறேன்" என்றேன்.