ஊருணிக் கரைப் பாடமும் சிறந்த ஆசிரியர் விருதும்

காரைக்குடியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சில ஆண்டுகள் தாவரவியல் நடத்தினேன். கௌரவ விரிவுரையாளர் என்று பதவி. கௌரவம் பெயரோடு சரி. மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது.

முதலாண்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஊருணிக்குக் கூட்டிப்போவேன். கரையில் நிற்கும் செடிகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, பருவம் முழுக்கப் போய்ப் பார்த்துவந்து வகுப்பில் பேச வேண்டும். வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கோரை வாய்த்தது. குவைத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு வீடியோ காலில் அதைக் காட்டியிருக்கிறாள்.

"எங்க அத்தா சின்னப் பிள்ளையில இந்தக் கிழங்கத் தோண்டித் தின்னாகளாம் மேடம்," என்று ஆரம்பித்தவள், மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. எத்தனை முறை வெட்டினாலும் கோரை ஏன் சாவதில்லை என்று, மண்ணுக்கடியில் ஓடும் தண்டைப் பலகையில் வரைந்து விளக்கினாள். அது நான் நடத்தாத பாடம். அன்று பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆண்டு விழாவில் சிறந்த ஆசிரியர் விருது எங்கள் துறைத்தலைவருக்கு. திரையில் படம் காட்டினார்கள்: ஊருணிக் கரையில் பிள்ளைகள், நடுவில் அவர். அந்தப் படத்துக்காக ஒரே ஒரு நாள் வந்திருந்தார். ஊருணியையே வகுப்பறையாக்கியவர் என்று வாசித்தார்கள். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அந்தப் பெண், "மேடம், இது நீங்கதானே செஞ்சீக?" என்றாள்.

"கை தட்டும்மா," என்றேன்.

மறுநாள் முதல்வரைப் பார்த்தேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"நீங்க நல்லா நடத்துறீகன்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா விருது நிரந்தரமா இருக்கவுகளுக்குத்தான். விதி அப்படி."

"விருது வேணாம் சார். நடத்துனது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"துறையில யாரு செஞ்சாலும் துறைத்தலைவர் பேருலதானம்மா வரும்," என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் துறைத்தலைவரே என்னைத் தேடி வந்தார். "மனசுல எதுவும் வச்சுக்கிறாதீக. புதன்கிழமை ஆய்வுக்குழு வருது. பிள்ளைகள ஊருணிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நான் குழுவோட அங்குட்டு வந்துர்றேன்."

"நீங்களே கூட்டிட்டுப் போங்க சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. புதன்கிழமை அவரே கூட்டிப்போனார். குழுவில் வந்த ஒருவர் ஏதோ செடியைக் காட்டிப் பெயர் கேட்டாராம். இவர் விழித்தாராம், பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். மாணவர்களை இவ்வளவு நன்றாகத் தயார்ப்படுத்தியிருக்கிறாரே என்று குழு அவரைத்தான் பாராட்டிவிட்டுப் போனது.

ஜூனில் எனக்கு அழைப்பு வரவில்லை. இப்போது ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் இருக்கிறேன். நான்கு விடைகளில் சரியானது எது என்று சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி ஏதோ ஓர் இலையைக் கொண்டுவந்து நீட்டி, "இது என்ன மேடம்?" என்று கேட்டாள்.

"பாடத்துல இல்ல. போய் உக்காரு," என்றேன்.