ஊருக்கு ‘அவள்’ போட்ட வகுப்பு

மாதா கோயிலில் விவிலிய வகுப்பு எடுப்பதற்குச் சம்பளம் கிடையாது, பயம் மட்டும் வாராவாரம் தவறாமல் கிடைக்கும். நாலு பேர் முன்னால் நின்று பேசி வியர்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எந்தப் பக்கத்துப் பெண்?

முதலியார்பேட்டையில் புதன்கிழமை மாலை வகுப்பு. எபிரேய இறைவாக்கினர்கள் எருசலேம் நகரத்தைப் பெண்ணாகவே பார்த்தார்கள் என்று ஆரம்பித்தேன். நமக்கு ஊர் ‘அது’, அவர்களுக்கு ‘அவள்’. மகளே என்பார்கள், விதவை என்று அழுவார்கள், திட்டவும் செய்வார்கள். யாராவது எசகுபிசகாகக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். எங்கள் புதுச்சேரியை வெள்ளையர் பகுதி, தமிழர் பகுதி என்று பிரிப்பது ஒரு வாய்க்கால். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சவரிமுத்து கை தூக்கினார்.

“நம்ம பாண்டியும் பொண்ணுன்னா, வாய்க்காலுக்கு எந்தப் பக்கத்துப் பொண்ணு சார்?”

விழுங்கிய வரி

அடுத்த வாரப் பாடம் கடுமையானது. கணவனாகிய கடவுளுக்குத் துரோகம் செய்தவள் என்று அந்த நகரத்தை ஏசும் பகுதி. நடத்தையைப் பற்றிப் பச்சையாகவே ஒரு சொல் வரும். முதல் வரிசையில் தையல்கடை மார்கரெட் அக்கா. அவர் கணவர் பிரான்ஸுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். பழியை என்னவோ தெரு அக்கா மேல்தான் போட்டது. அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று மூச்சுவிட்டேன். வகுப்பு முடிந்ததும் அக்கா வந்து நின்றார்.

“ஒரு வரிய முழுங்கிட்டீங்க சார். நான் தெருவுல தினம் கேக்குறதுதான் அது, பயப்படாம படிங்க.”

அண்ணன் கேட்ட பாடம்

அந்தக் கணவர் சேர்ந்து வாழத் திரும்பி வருகிறாராம். அக்காவின் அண்ணன் என்னை வழிமறித்தார். துரோகம் செய்து கைவிடப்பட்ட நகரத்தைக் கடவுள் மறுபடி மனைவியாகச் சேர்த்துக்கொள்ளும் பகுதியை இந்த வாரமே நடத்தச் சொன்னார். தங்கை மனசு இளகுமாம். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நடத்தினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் வாயால் முடிவு செய்துவிடுகிறேனோ என்று ஒவ்வொரு வரியையும் தயங்கித் தயங்கிப் படித்தேன். அண்ணன் கதவோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்தார்.

“வுட்டுட்டுப் போனது ஊரு, காத்துக்கெடந்தது கடவுளு. எங்க வூட்ல போனது அவரு சார். அப்ப இந்தப் பாடத்துல நான் ஊரு இல்ல. சேத்துக்கறதா வேணாமான்னு நான் யோசிக்கறேன்.”

இறைவாக்கினர்களை ஊரார் கல்லால் அடித்தார்கள் என்று தெரியும், அவர்கள் வாக்கை வைத்து வகுப்பெடுத்தவனை என்ன செய்தார்கள் என்றுதான் யாரும் எழுதிவைக்கவில்லை.