ஒன்பது படிகளும் இரண்டு மனுக்களும்

போன வருடம் ஆடி மாதம், அம்மாவின் கருமாதிக்காக ஆனையூரிலிருந்து சொந்த ஊருக்குப் போயிருந்தேன். வாடிப்பட்டிப் பக்கம், வைகைக் கரையில் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம், எழுதினால் அடுத்த முறை வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

ஒரு காலத்தில் செழிப்பான ஊர்தான். வெற்றிலைக் கட்டுகள் மதுரைக்கு வண்டி வண்டியாகப் போகும். மாடி வீடுகளாகவே நாலு தெரு. சாமி ஆற்றில் இறங்குவதற்கென்றே கருங்கல்லில் படித்துறை. இப்போது மாடி வீடுகளின் தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்றாயிற்று. ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஆற்றில் விழுகிறது. திருவிழாவுக்கு மணலில் குழி தோண்டி, தார்ப்பாய் விரித்து, லாரித் தண்ணீரை ஊற்றி, அதில் சாமியை இறக்குகிறார்கள். பத்தடி தள்ளி ஆறு கறுப்பாக ஓடுகிறது. அதையும் செல்போனில் படம் எடுத்துப் பெருமையாக அனுப்புகிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்களில் கருமாதி என்றால் மகன் அந்தப் படித்துறையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். அப்பாவுக்கும் அங்கேதான் செய்தேன். அன்று காலை உறவுக்காரர்களோடு போய் இறங்கினால், படித்துறையை ஒட்டி ஜேசிபி நிற்கிறது. படிகளை உடைத்துவிட்டு நடைபாதை போடப் போகிறார்களாம். காரியம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிந்ததும் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகப் போய், வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த இன்ஜினியரைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். சின்ன வயசுக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், பழைய வரைபடத்துல பதினெட்டுப் படி இருக்கு. நாங்க வந்தப்ப ஒன்பதுதான் கெடந்துச்சு. மிச்சத்த நாங்களா தின்னோம்?" என்றார்.

எவனோ திருட்டுப் பயல் செய்த வேலை என்றேன். சாயங்காலத்துக்குள் ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு ஆபீசில் மனுக் கொடுத்தால் வேலையை நிறுத்தி வைக்கப் பார்க்கலாம், இல்லாவிட்டால் காலையில் உடைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

பந்தி முடிந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். ஒன்பது படிகளைத் திருடியவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும், மிச்சம் ஒன்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்டமாக எழுதினேன். ஜெயிலில் போடச் சொல்லுங்கண்ணே என்றான் என் பெரியப்பா மகன். அதையும் சேர்த்தேன். பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். சித்தப்பா மட்டும் பேனாவைத் தொடவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏப்பா, யார ஜெயில்ல போடச் சொல்ற? இந்தத் தொவைக்கிற கல்லு உங்கப்பா வண்டியில ஏத்திட்டு வந்தது. விழுந்துராம பின்னால புடிச்சுக்கிட்டு வந்தவன் நானு."

அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியப்பா வீட்டு வாசற்படி, அத்தை வீட்டு மாட்டுத் தொழுவம், எதிர்வீட்டுக் கிணற்றடி. ஆற்றில் தண்ணீர் வரத்து நின்றதும், சும்மாதானே கிடக்கிறது என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிவந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் கல் இருக்கிறது.

அம்மா நாற்பது வருடம் துவைத்த கல் அது. நானும் மச்சானும் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். அடிப்பக்கம் எழுத்து. மண்ணைக் கழுவியதும் படிக்க முடிந்தது. ஒரு பெண்ணின் பெயர், அதற்குக் கீழே 'உபயம்' என்று இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி ஊருக்கென்று கொடுத்த கல்லை நாங்கள் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்பா தெரியாமல் செய்துவிட்டாரா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான். எழுத்து மேல இருந்தா நாலு பேரு கேப்பாகன்னு கவுத்துப் போட்டாரு," என்றார் சித்தப்பா.

அப்பா மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம், அவர் உயிரோடு இருந்த காலத்தில்கூட வந்ததில்லை. மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். எங்கள் வீட்டில் ஒரு கல் இருக்கிறது, திருப்பித் தருகிறோம், மற்றவர்களும் தருவார்கள், படித்துறையை உடைக்காதீர்கள் என்று. இந்த முறை சித்தப்பாதான் முதல் கையெழுத்து. அவருக்கு அடுத்து யாரும் வரவில்லை. ஒருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்னொருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. சற்று முன்னால் ஜெயில் கேட்ட பெரியப்பா மகன், "படியத்தான காப்பாத்தணும்னீக, இப்ப என் வாசப்படியப் பேத்தெடுக்கச் சொல்றீகளேண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சித்தப்பாவுடையதும் என்னுடையதுமாக இரண்டே கையெழுத்தோடு ஆபீசுக்குப் போனேன். ஊர்க்காரர்களே எடுத்த கல்லுக்கு ஊர்க்காரர்களே மனுவா என்று அந்த இன்ஜினியர் சிரித்தார். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒன்பது படியும் போய்விட்டது. பதிமூன்று கையெழுத்துள்ள பழைய மனுவைக் கொடுத்திருந்தால் நின்றிருக்குமோ என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது அங்கே சிவப்பும் மஞ்சளுமாக டைல்ஸ் நடைபாதை. சாக்கடை நாற்றத்தில் ஒருவரும் நடப்பதில்லை. எங்கள் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்த ஆபீசுக்கும் மனமில்லை, எழுத்து மேலே தெரியக் கொல்லையிலேயே கிடக்கிறது. ஊரைக் கெடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் குறையவில்லை, ஆனால் அவர்களைத் திட்டும்போதெல்லாம் இப்போது அப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.