அண்ணன் சிலைக்கு உட்கார்ந்தவன்

ஊரில் வேலை இல்லையென்று பட்டாளத்துக்குப் போன அண்ணன், மலை எல்லையிலிருந்து ஒரு பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று கூடவந்த சிப்பாய்கள் சொல்லிவிட்டார்கள். ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கத்து எங்கள் ஊரே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை, மரத்துப் போயிருந்தேன். "மூஞ்சிய ஒரு வாட்டி காட்டுங்கய்யா" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். காட்டாமலே எரித்தோம்.

ஊர்முனையில் அண்ணனுக்குச் சிலை வைப்பதாக மண்டலத் தலைவர் சொன்னதும் அம்மாவுக்கு உயிர் வந்தது. சிலையிலாவது மகன் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நம்பினாள். திருப்பதியில் சாமி சிலைகள் செய்யும் ஸ்தபதியிடம் நான்தான் போனேன். வீட்டிலிருந்த ஒரே படத்தில் தொப்பி பாதி முகத்தை மறைத்திருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணதம்முலுதானே? ஜாடை ஒண்ணாத்தான் இருக்கும். நீங்களே கொஞ்சம் உக்காருங்க."

அண்ணன் அழகன், நான் சுமார். அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. கைகால் முளைக்காத பிள்ளையார்களுக்கு நடுவில், அவர் சொன்ன பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் சிலையைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேசத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்த தலைவர், பெரிய ரோஜா மாலையோடு ஏணியில் ஏறினார். அம்மா ஓடிப்போய் ஏணியைப் பிடித்து உலுக்கினாள்.

"மால போடாதய்யா! அது சின்னவன் மூஞ்சி. உசுரோட கீறவனுக்குச் செத்தவனாட்டம் மால போடுவாங்களா?"

துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் அவளை இழுத்தார்கள். அவள் ஏணியை விடவில்லை. கடைசியில் தலைவர் மாலையைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு எரிச்சலோடு இறங்கினார். இன்றுவரை அந்தக் கழுத்தில் மாலை ஏறியதில்லை.

பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனேன். எங்கள் ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் அங்கேதான். அம்மா நாள் தவறாமல் சிலையடியில் போய் உட்காருகிறாள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வீரனைப் பெற்றவள் என்று புகழ்ந்தார்கள். லீவில் போனபோது கேட்டேன்.

"டெய்லி அண்ணன பாக்கப் போறியாமே?"

"அவன் எங்க கீறான் அங்க?" சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நீ வேளைக்குத் துன்னியா, தூங்கினியான்னு கேட்டுக்கினு வருவேன்."

நான் தலை குனிந்து சாப்பிட்டேன். அண்ணனைப் பார்க்க ஒருவரும் போவதில்லை.